நாலு பிரதியும் ஒரு பெட்டிப் புத்தகமும்: நூல் ஒப்படைப்புச் சட்டம், சுங்கம் பற்றி ஓர் இழை

2025 ஜூன் 3, நெல்லையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அக்கா, ரெண்டு வருஷமா சின்னதா ஒரு பதிப்பகம் நடத்துறேன். இதுவரை ஒன்பது புத்தகம். எல்லாமே பிஓடி, அதாவது தேவைக்கு ஏத்த மாதிரி கொஞ்சமா அச்சடிக்கிறது, தலைப்புக்கு நூறு, மிஞ்சிப்போனா நூத்தம்பது பிரதி. புத்தகம் போட்டா நாலு நூலகத்துக்கு இலவசமா அனுப்பணும்னு ஒருத்தர் சொல்றார். ஐஎஸ்பிஎன் வாங்கிட்டா போதும்னு இன்னொருத்தர் சொல்றார். இதுக்கு நடுவுல போன வாரம் கொழும்புல இருந்து நண்பர் அனுப்பின புத்தகப் பெட்டிக்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்துருக்கு. உள்ளூர்ப் புத்தகத்தைச் சும்மா வாங்கிக்கிறாங்க, வெளியூர்ப் புத்தகத்துக்கு வரி போடுறாங்க. ரெண்டுமே எழுத்து மேல போடுற வரிதான்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

2025 ஜூன் 3, இரவு

தம்பி, முதல் பாதியில் நீ சொல்வது தப்பு. இரண்டாம் பாதி பற்றி யோசித்து எழுதுகிறேன்.

அனுப்பத்தான் வேண்டும். 1954-இல் வந்த சட்டம் அது. நம் ஆட்கள் ‘டெலிவரி ஆக்ட்’ என்றுதான் சொல்வார்கள். புத்தகம் வெளியான 30 நாளுக்குள், உன் செலவில், கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று, மும்பை டவுன் ஹாலில் இருக்கும் மத்திய நூலகத்துக்கு ஒன்று, டெல்லி பொது நூலகத்துக்கு ஒன்று. எந்த மொழிப் புத்தகமாக இருந்தாலும் சரி. துண்டு வெளியீடு, வரைபடம், இசைக் குறிப்புத் தாள் எல்லாம் கணக்கில் வரும். 1956-இல் நாளிதழ், வார இதழ்களையும் சேர்த்தார்கள். வாங்கிக்கொண்ட நூலகம் எழுத்தில் ரசீது தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஐஎஸ்பிஎன் என்பது வெறும் அடையாள எண். நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் இந்த ஒப்படைப்புக்கும் சம்பந்தமில்லை. பதிப்புரிமைக்கும் சம்பந்தமில்லை. எழுதிய கணமே உரிமை எழுதியவருடையது, அதை யாரிடமும் போய்ப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாத பதிப்பாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

2025 ஜூன் 4

நேற்று சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லவில்லை.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருந்தார். ட்ரெடில் மெஷின் ஒன்று, ஈய எழுத்து அடுக்கிய மரக் கேஸ்கள், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். நடுநடுவே புத்தகம். 1963-இல் எங்கள் ஊர் வாய்க்கால்களையும் மதகுகளையும் பற்றி அவரே 48 பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதி அச்சடித்தார். எந்த வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது, எந்த மதகை யார் கட்டினார்கள், முறைப்பாசனத்தில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று எல்லாம் அதில் இருந்தது. வீட்டில் இருந்த பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அந்த வாய்க்கால்களில் பாதி இன்று வீட்டுமனை.

2011-இல் கன்னிமாராவில் வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது நூல் விவர அட்டைகள் அடுக்கிய இழுப்பறையில் அப்பாவின் பெயர் இருந்தது. புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார்கள். மேலட்டை பழுப்பேறி இருந்தது, உள்ளே அத்தனை பக்கமும் பத்திரம். கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே வரைந்து பிளாக் எடுத்த வாய்க்கால் படமும் இருந்தது. வாசிப்பு மேசையிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

அன்றைக்கு அச்சகராக அப்பா சட்டத்தை மதித்து அனுப்பியதால் அது அங்கே இருந்தது. இதை வரி என்று எப்படிச் சொல்ல, தம்பி?

2025 ஜூன் 4, இரவு, ஒரு திருத்தம்

மேலே ‘அச்சகராக’ என்று எழுதியது பிழை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பழையது 1867-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பொறுப்பு அச்சகருடையது. அச்சான ஒரு மாதத்துக்குள் மாநில அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும். அரசு அவற்றைப் பட்டியலிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகங்களைத் தேடுபவர்கள் கையில் வைத்திருக்கும் ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ 1867-இல் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். புதியது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பொறுப்பு பதிப்பாளருடையது.

அப்பா தன் வாய்க்கால் நூலுக்கு அச்சகர், பதிப்பாளர் இரண்டுமாக இருந்தார். அதனால் கன்னிமாராவுக்குப் போனது. அவர் அச்சகத்தில் மற்றவர்களுக்காக அச்சடித்த புத்தகங்களில் எனக்கு நினைவிருக்கும் இருபது தலைப்புகளையும் கன்னிமாராவில் தேடினேன். மூன்றுதான் கிடைத்தன. மற்றவை எல்லாம் ‘ஆசிரியர் வெளியீடு’. பள்ளிக்கூட வாத்தியார், வைத்தியர், ஓய்வுபெற்ற தாசில்தார் என்று சொந்தக் காசில் போட்டவர்கள். ‘பதிப்பாளர்’ என்ற சொல் தங்களையும் குறிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த வைத்தியர் எழுதிய பாம்புக்கடி நூலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜூன் 7

‘நூறு பிரதி அடித்து நாலைக் கொடுத்தால் நான் எப்படிப் பிழைப்பது’ என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தாய். நியாயம்தான். ஆயிரம் அடித்த காலத்துக்கு எழுதிய சட்டம் நூறு அடிக்கும் உன்னை நூற்றுக்கு நாலு என்று பிடிக்கிறது. அனுப்பும் செலவும் உன் தலையில். 2024 டிசம்பரில் பதிவு நூல் அஞ்சலை திடீரென்று நிறுத்தினார்கள் அல்லவா, அந்த மாதம் நானும் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்தேன். இந்த மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். தரைவழிதான் போகும், மெதுவாகப் போகும், ஆனால் தடம் பார்க்கலாம். மூன்று நான்கு தலைப்புகள் சேர்ந்த பிறகு ஒரே கட்டாக அனுப்பு. 30 நாள் கெடுவை மட்டும் பார்த்துக்கொள்.

இன்னொரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. முதல் பதிப்பை ஒப்படைத்திருந்தால், எழுத்திலோ படத்திலோ எதுவும் சேர்க்காமல் மாற்றாமல் வரும் மறுபதிப்புக்கு மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு பின்னிணைப்பு சேர்த்தாலும் அது புதிதுதான், அனுப்ப வேண்டும்.

கொல்கத்தா பிரதி பற்றி. இருப்பதிலேயே நல்ல தாளில், நல்ல கட்டில், படம் எல்லாம் நிறம் குறையாமல் உள்ள பிரதியை அங்கே அனுப்பச் சொல்கிறது சட்டம். மற்ற மூன்றுக்கும் கடையில் விற்கும் சாதாரணப் பிரதி போதும். என் முதல் புத்தகத்துக்கு நான் இதை நேர்மாறாகச் செய்தேன். பைண்டிங்கில் ஒரு ஃபார்ம், அதாவது சேர்த்து மடித்த ஒரு பக்கக் கட்டு, தலைகீழாகப் போன பிரதி ஒன்று கிடந்தது, விற்க முடியாது, அதைக் கொல்கத்தாவுக்குக் கட்டி அனுப்பினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இந்திய தேசிய நூற்பட்டியல் 1958-லிருந்து அங்கே போய்ச் சேரும் பிரதிகளை வைத்துத்தான் தயாராகிறது என்று பிற்பாடு தெரிந்தது. நாடு முழுவதற்குமான பட்டியலில் என் ஆசிரியரின் முதல் நூலுக்குச் சாட்சியாக நிற்பது தலைகீழ்ப் பக்கம் உள்ள அந்தப் பிரதிதான். மறுபடி ஒரு நல்ல பிரதி அனுப்பினேன். மனது ஆறவில்லை.

2025 ஜூன் 8

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: நூலக ஆணைக்கு அனுப்பிய மாதிரிப் பிரதியே இதற்குப் போதாதா? போதாது. நூலக ஆணை என்பது அரசு விலை கொடுத்து வாங்குவது. இது காப்பதற்காகக் கொடுப்பது. பழைய நாட்களில் நான் ஆணைக்கு விண்ணப்பித்தபோது ஒப்படைப்பு ரசீதையும் இணைக்கச் சொன்னார்கள். அதற்காகவாவது பல பேர் அனுப்பினார்கள் என்பது உண்மை.

2025 ஜூன் 12

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன்.

2019 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 விழுக்காடு சுங்க வரி போட்டார்கள். அதற்கு முன் விலக்கு இருந்தது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, இறக்குமதியிலும் கிடையாது. அதே 2019 டிசம்பரில் இன்னொரு கதவையும் சாத்தினார்கள். அதுவரை வெளிநாட்டிலிருந்து 5,000 ரூபாய் வரை அன்பளிப்பாக வருவதற்கு வரி இல்லை. அதன்பின் அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் வருவதற்கு, உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர, இடமில்லை. சீனத்து இணையக் கடைகள் பொருளை எல்லாம் ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பியதைத் தடுக்கத்தான் இதைச் செய்தார்கள். அந்த வலையில் கவிதைத் தொகுப்பும் மாட்டிக்கொண்டது.

என் அனுபவம் ஒன்று. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி தன் அம்மாவின் நினைவுகளை எழுதி அங்கேயே அச்சடித்தாள். இங்கே வாசகர்களுக்குக் கொடுக்க 20 பிரதி அனுப்பினாள். பெட்டியின் மேல் பாசத்தோடு ‘அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல்லால் வந்த வினை. புத்தகம் என்ற தலைப்பில் பார்க்காமல் சொந்த உபயோகப் பொருள் என்ற தலைப்பில் மதிப்பிட்டு வரி போட்டார்கள். இருபதும் ஒரே புத்தகமாக இருக்கிறதே, வணிகமா என்று கேட்டார்கள். அட்டையில் ஒரு பழைய வீட்டின் படம், சுவரில் குண்டு துளைத்த ஓட்டை. இது என்ன மாதிரிப் புத்தகம் என்றும் கேட்டார்கள். நான் நாலு முறை பேருந்து ஏறிப் போனேன். ஐந்தாவது முறை போனபோது, வரியோடு, பெட்டி அங்கே கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணமும் சேர்ந்து புத்தகங்களின் விலையைத் தாண்டியிருந்தது. கட்டி எடுத்து வந்தேன். தோழியிடம் தொகையைச் சொல்லவே இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள், பரவாயில்லை.

அதில் கற்றுக்கொண்டது: அனுப்புபவர் சிஎன்23 என்ற அஞ்சல் சுங்கப் படிவத்தில் ஆங்கிலத்தில் ‘பிரிண்டட் புக்ஸ்’ என்று எழுதி, சுங்க வரிப் பட்டியலில் புத்தகத்துக்கு உரிய 4901 என்ற எண்ணையும் போட்டு, தலைப்புவாரியாக எத்தனை பிரதி, என்ன விலை என்று பட்டியலை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்க வேண்டும். ‘கிஃப்ட்’ என்ற சொல் எங்குமே வரக் கூடாது.

2025 ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, சுங்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அழைத்தார். நான்கு முறை போனதற்கு ஒரு முறையாவது ‘எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கலாமே அம்மா என்றார். கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

வரி மதிப்பீடு தவறு என்றால் உத்தரவைக் கேட்டு வாங்கு. கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம், சுங்கச் சட்டம் 128-ஆம் பிரிவு. பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் முதலில் காரணம் சொல்லி அறிவிப்புக் கொடுத்து உன் பதிலைக் கேட்க வேண்டும், 124-ஆம் பிரிவு. பொருளைக் கைப்பற்றி ஆறு மாதத்துக்குள் அந்த அறிவிப்பு வராவிட்டால் திருப்பித் தர வேண்டும். உயர் அதிகாரி காரணத்தை எழுதி வைத்து இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அதற்கு மேல் முடியாது. உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்று ஒரு புத்தகத்தை நிறுத்த வேண்டுமென்றால் 11-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசின் அறிவிக்கையோ வேறொரு சட்டத்தின் தடையோ இருக்க வேண்டும். அட்டைப்படம் பற்றிய சந்தேகம் போதாது.

‘எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை அம்மா, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பெட்டி. புத்தகம் என்று தெளிவாக எழுதி வந்தால் அவர்களுக்கும் நிம்மதி’ என்றார். இதையும் பதிந்துவைக்க வேண்டும் என்று தோன்றியது.

2025 ஜூன் 20

‘ரெண்டுமே எழுத்து மேல போடுற வரி’ என்று நீ எழுதியதை மூன்றாம் தேதி தப்பு என்றேன். இரண்டு வாரமாக அது மனசில் உருண்டுகொண்டே இருக்கிறது. நீ சொன்ன சொல் தப்பு. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாயே, அது சரி.

நூல் ஒப்படைப்பு பிறந்த இடத்தைப் பார். 1537 டிசம்பரில் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா மோன்பெலியேயில் ஓர் ஆணை போட்டார். நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அரச நூலகத்துக்கு. அதே ஆணையில், வெளிநாட்டிலிருந்து வரும் புத்தகத்தை விற்பதற்கு முன் அரச நூலகரிடம் காட்ட வேண்டும் என்பதும் இருந்தது. காப்பதும் தடுப்பதும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

நம் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள். 1857 கிளர்ச்சி முடிந்து பத்து ஆண்டில் வந்தது. உள்ளூர் மொழிகளில் என்ன அச்சாகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதில் இருந்தது. காலாண்டுப் பட்டியலைப் பார்த்து லண்டனில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து வரவழைத்துக்கொண்டார்கள். பிறகு 1910 பத்திரிகைச் சட்டம் வந்தது. சந்தேகத்துக்குரிய அச்சுத்தாள் இருக்கும் என்று கருதினால் துறைமுகத்தில் சுங்க அதிகாரி பொதியை நிறுத்தலாம், அஞ்சலகத்திலும் நிறுத்தலாம்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. பாரதி பாண்டிச்சேரியில் இருந்தது பிரெஞ்சு மண்ணில். அவருடைய எழுத்து புதுவை எல்லையைத் தாண்டி வந்தால் அது வெளிநாட்டுச் சரக்கு. 1911-இல் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டையும் சென்னை அரசாங்கம் தடை செய்தது. அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1928-இல், பாட்டுப் புத்தகங்களைப் பர்மா அரசாங்கம் பறிமுதல் செய்ய, அதைப் பார்த்துச் சென்னையும் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து வாதாடினார்.

2025 ஜூன் 21

‘அப்படியானால் இது போலீஸ் வேலைதானே, நாம் ஏன் பணிய வேண்டும்’ என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தடை செய்த நூல்களிலும் துண்டறிக்கைகளிலும் ஒவ்வொன்றை வெள்ளைக்காரன் சாட்சிக்கு எடுத்து வைத்தான். லண்டனில் அவை தனித் தொகுப்பாகவே இருக்கின்றன, பல இந்திய மொழிகளில். வீட்டில் வைத்திருந்தவர்கள் பயந்து எரித்ததில் எத்தனையோ நூல்களுக்கு அந்தப் பிரதிகளே மிச்சம். தடுத்தவன் நோக்கத்தை நான் மன்னிக்கவில்லை. பிரதி எங்காவது ஓரிடத்தில் இருந்தால் போதும், காலம் மாறும்போது அது வெளியே வந்துவிடும் என்பதை மட்டும் பார்க்கிறேன்.

2025 ஜூலை 5

பத்து நாளாக ஆடிட்டர் வேலை, எழுத முடியவில்லை.

நடுவில் ஒரு வழக்கின் விவரத்தைத் திரும்பப் படித்தேன். 1988 அக்டோபர் 5-ஆம் தேதி, சல்மான் ருஷ்தியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ நாவலை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சுங்கச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை போட்டார்கள். பலரும் நினைப்பது போல் அது புத்தகத்தின் மேல் போட்ட முழுத் தடை இல்லை, இறக்குமதித் தடை. இங்கே அச்சான நூலைப் பறிமுதல் செய்ய வேறு வழி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 98. அதில் மாநில அரசு காரணத்தை எழுதிச் சொல்ல வேண்டும், இரண்டு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம், மூன்று நீதிபதிகள் கேட்பார்கள்.

2019-இல் ஒருவர் டெல்லி உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்த அறிவிக்கையைக் காட்டுங்கள் என்றது நீதிமன்றம். எந்தத் துறையாலும் காட்ட முடியவில்லை. 2024 நவம்பர் 5-ஆம் தேதி, அப்படியொரு அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி வழக்கை முடித்தார்கள். முப்பத்தாறு ஆண்டு நாடு முழுவதும் ஒரு புத்தகத்தைத் தடுத்து வைத்த தாள் அது.

படித்ததும் எனக்கு அப்பாவின் 48 பக்கம்தான் நினைவுக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வெளியீடுகளுக்கும் பொருந்தும், அலுவலக உபயோகத்துக்கு மட்டுமானவை தவிர. குடிமகனைக் கட்டுப்படுத்தும் ஓர் உத்தரவு எந்த நூலகத்துக்கும் போகாத அலுவலகத் தாளாக இருக்கவே கூடாது. அதை எதிர்த்து வாதாடவாவது அது கைக்குக் கிடைக்க வேண்டுமே. நமக்குப் புத்தகம் காக்கும் வேலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது அரசுக்குத் தன் தாளைக் காப்பது.

2025 ஜூலை 19

உன் இன்னொரு கேள்வி: அனுப்பாவிட்டால் என்ன ஆகும்?

ஐம்பது ரூபாய் வரை அபராதம், அதோடு புத்தக விலைக்குச் சமமான தொகை. 1954-இல் எழுதிய ஐம்பது இன்றும் ஐம்பதுதான். அதுவும் மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி புகார் செய்தால்தான் நீதிமன்றம் எடுக்கும். என் இத்தனை ஆண்டில் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சட்டம் நம் மனச்சாட்சியை நம்பி நடக்கிறது.

மனச்சாட்சி போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் 2024 மார்ச் 1. அன்று புதிய இதழ்கள் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போனது. புதியதில் இதழ்கள் மட்டும்தான் உண்டு, புத்தகம் இல்லை. காலனிச் சட்டம் போனதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அச்சகர் வழியாகப் புத்தகம் அரசுக் கணக்கில் ஏறிய அந்தப் பழைய பாதையும் சேர்ந்து மூடியது. பதிப்பாளர் மறந்தாலும் அச்சகர் அனுப்புவார் என்ற இரண்டாம் காவல் இனி இல்லை. அந்தப் பாம்புக்கடி வைத்தியர் மாதிரி இன்று சொந்தமாகப் புத்தகம் போடுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிஓடி கம்பெனிக்குக் கோப்பை அனுப்புகிறார்கள், முப்பது பிரதி வாங்கி உறவினருக்குக் கொடுக்கிறார்கள், முடிந்தது.

அபராதத்தை உயர்த்துங்கள் என்று அரசிடம் நான் கேட்க மாட்டேன். உன்னைப் போன்றவர்கள்தான் அடிபடுவார்கள். ஒப்படைப்புக்கு அஞ்சல் கட்டணம் வேண்டாம் என்று சொல்லட்டும். நூறு பிரதிக்குக் குறைவாக அடிப்பவரிடம் இரண்டு போதும் என்று சொல்லட்டும். ரசீதை இணையத்தில் தரட்டும். எனக்கு ஒரு நூலகத்திலிருந்து நாலு ஆண்டாக ஒரு ரசீதும் வரவில்லை, நாலு கடிதம் எழுதிவிட்டேன். ரசீது வந்தால்தானே அடுத்த புத்தகத்தைக் கட்டும்போது கைக்கு உற்சாகம் வரும்?

2025 ஆகஸ்ட் 2

இவ்வளவு எழுதிய பிறகும் ஒரு புத்தகம் எந்தக் கதவுக்குள்ளும் போகாமல் நிற்கிறது. என் யாழ்ப்பாணத்துத் தோழியின் அம்மா கதை.

1954-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் வெளியான புத்தகத்துக்கு மட்டும். யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ டொரண்டோவிலோ வெளியான தமிழ்ப் புத்தகம் சட்டப்படி கன்னிமாராவுக்கு வர வேண்டியதில்லை. நம் எல்லையில் அதைச் சந்திக்கும் ஒரே அரசுத் துறை சுங்கம். அங்கே அது எடை, விலை, தலைப்பு எண். பிரான்சில் இறக்குமதியாளரும் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், சில பிரதி கொண்டுவருபவருக்கு விலக்கு உண்டு. இங்கே அப்படிக் கட்டாயம் கொண்டுவந்தால் பெட்டியை நிறுத்த இன்னொரு சாக்காகிவிடும், வேண்டாம். அதற்குப் பதில் நூலகமே தேடி வாங்கட்டும்.

இலங்கையில் 1885-லிருந்தே சட்டம் உண்டு. பொறுப்பு அச்சகருக்கு. பிரதி இன்று கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது. 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அவற்றில் அச்சு நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருந்திருக்க இடமுண்டு. ஓலைச்சுவடிக்கு அது இல்லை. தோழியின் அம்மா அந்த இரவை அந்த நூலில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை தெருவில் கரித்தாள் பறந்ததாகவும், ஒரு துண்டில் பாதி வரி வாசிக்க முடிந்ததாகவும்.

நான் மீட்டு வந்த இருபதில் பத்தொன்பதைக் கொடுத்துவிட்டேன். ஒன்று என் மேசையில் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 23

சென்னை போயிருந்தேன். எழும்பூரில் இறங்கி பாந்தியன் சாலைக்கு நடந்தேன். 1896 டிசம்பரில் திறந்த கட்டடம், இன்றும் உள்ளே நுழைந்தால் குளிர்ச்சி. தோழியின் புத்தகத்தை நன்கொடையாகக் கொடுக்க வேண்டும் என்றேன். படிவம் கொடுத்தார்கள். ‘பதிப்பித்த இடம்’ என்ற கட்டத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதினேன். வாங்கிக்கொண்ட பெண் பக்கங்களைப் புரட்டி அந்த இரண்டு பக்கத்தில் நின்றாள், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முத்திரை வைத்தாள்.

அப்பாவின் நூலையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். வாய்க்கால் படத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஊர்ப் பாசன சங்கத்துப் பிள்ளைகள் ஒரு மதகு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

தம்பி, ஒன்பது புத்தகத்தையும் நான்கு கட்டாகப் போட்டு அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கொல்கத்தாவுக்குப் போனவை நல்ல பிரதிகள்தானே? முதல் ஆறு புத்தகத்துக்குக் கெடு தாண்டியிருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள், கவலைப்படாதே. ரசீது வந்ததும் தேதியைப் பார்த்துப் படம் எடுத்து வை. உன் கொழும்புப் பெட்டி வெளியே வந்துவிட்டதா? வந்தால் அதில் ஒவ்வொரு தலைப்பிலும் ஒன்றை எடுத்துத் தனியாக வை, அடுத்த மாதம் நான் எழும்பூர் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.